பயிற்சி முடிந்த அன்று தெரிந்தது இரண்டு வாரத்தில் எங்கே போகிறது?

லேத்துப்பட்டறை (கோவை) – ஞாயிறு, இரவு 9.40

எல்லாருக்கும் வணக்கம். பம்பு உதிரிபாகம் செய்யும் ஒரு பட்டறையில் சிஎன்சி பிரிவை (கணினி கட்டுப்பாட்டில் ஓடும் லேத்துகள்) பார்த்துக்கொள்கிறேன். புதிதாக வரும் பையன்கள் பெரும்பாலும் ஐடிஐ, சிலர் டிப்ளமோ. முதல் மூன்று நாள் வகுப்பு. டிராயிங் படிப்பது, மைக்ரோமீட்டர் என்ற அளவுக் கருவியைப் பிடிப்பது, ஆஃப்செட் போடுவது எல்லாம் ப்ரொஜெக்டரில் காட்டிச் சொல்லித் தருகிறோம். மூன்றாம் நாள் சாயங்காலம் ஒரு தேர்வு. நன்றாகவே எழுதுகிறார்கள்.

சிக்கல் இரண்டு வாரம் கழித்து வருகிறது. ஓர் உதாரணம். வெளிவிட்டம் 0.04 மி.மீ. கூடுதலாக வருகிறது என்று வையுங்கள். வேர் ஆஃப்செட்டில், அதாவது டூல் தேய்வதை ஈடுகட்ட மிஷினில் அடிக்கும் திருத்த எண்ணில், ஏற்கனவே -0.02 இருக்கிறது. இன்னும் 0.04 குறைக்க வேண்டும். எங்கள் மிஷினில் -0.04 அடித்து ‘பிளஸ் இன்புட்’ அழுத்தினால் இரண்டும் சேர்ந்து -0.06 ஆகும். வெறும் ‘இன்புட்’ அழுத்தினால் பழைய எண் அழிந்து -0.04 மட்டும் நிற்கும். அடுத்த பீஸும் 0.02 கூடுதலாகவே வரும். பையன் குழம்பிப்போய் மறுபடி எதையோ அடிப்பான். இப்படியே நாலு பீஸ் ரிஜெக்‌ஷன். கூப்பிட்டுக் கேட்டால், “வகுப்புல புரிஞ்சுது சார்” என்கிறான். பொய் சொல்லவில்லை. அன்றைக்குப் புரிந்துதான் இருந்தது.

இதற்கு உளவியலில் உருப்படியாக ஏதாவது இருக்கிறதா? தன்னம்பிக்கைப் பேச்சு வேண்டாம், அது ஏற்கனவே நடத்திப் பார்த்தாயிற்று. நாளைக் காலை ஷிப்டில் செய்து பார்க்கிற மாதிரி எதுவானாலும் சொல்லுங்கள்.

---

மனநூல்_மாணவி – ஞாயிறு, இரவு 10.25

அண்ணா, நீங்கள் கேட்டதற்கு உளவியலில் மிக உறுதியான பதில் ஒன்று இருக்கிறது. நினைவு பற்றி 1885லேயே எர்மன் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர் தன்னையே சோதித்து எழுதினார். பொருளற்ற அசைகளை மனப்பாடம் செய்து, எவ்வளவு நேரத்தில் எவ்வளவு மறக்கிறது என்று அளந்தார். மறதி முதலில் மிக வேகமாகவும் பிறகு மெதுவாகவும் நடக்கிறது என்று கண்டார். இதைப் பலரும் கேள்விப்பட்டிருப்பீர்கள்.

உங்கள் பட்டறைக்கு நேராகப் பொருந்துவது வேறொன்று. 2006இல் ரோடிகர், கார்ப்பிக் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் கல்லூரி மாணவர்களுக்கு ஒரு சிறு உரைப்பகுதியைக் கொடுத்தார்கள். ஒரு பிரிவு அதை இரண்டு முறை படித்தது. இன்னொரு பிரிவு ஒரு முறை படித்துவிட்டு, தாளை மூடி, நினைவில் இருப்பதை எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது இரண்டு முறை படித்தவர்களே மேல், 81க்கு 75 சதவீதம். ஒரு வாரம் கழித்து அப்படியே தலைகீழ். படித்துப் படித்து வைத்தவர்கள் 42 சதவீதம், மூடிவைத்து எழுதிப் பார்த்தவர்கள் 56 சதவீதம்.

உங்கள் மூன்றாம் நாள் சாயங்காலத் தேர்வும் அந்த ஐந்து நிமிடத் தேர்வு மாதிரிதான். அதில் வாங்குகிற மதிப்பெண்ணை வைத்து இரண்டு வாரத்துக்குப் பிறகு என்ன நிற்கும் என்று சொல்ல முடியாது. எளிதாக உள்ளே போனது போலத் தோன்றுவதும், நிலைத்து நிற்பதும் வேறு வேறு. ராபர்ட் பியார்க் என்ற உளவியலாளர் இதைப் பற்றித்தான் பல காலமாக எழுதுகிறார். கற்கும்போது கொஞ்சம் திணற வைக்கிற முறைகள்தான் பெரும்பாலும் நிலைக்கின்றன. ஆனால் திணறும்போது கற்பவருக்கும் சொல்லித்தருபவருக்கும் ‘இது சரிப்பட்டு வரவில்லை’ என்றே தோன்றும்.

---

இரவுப்பணி (மதுரை) – திங்கள், காலை 7.50

டூட்டி முடிந்து பஸ்ஸில் இருந்து எழுதுகிறேன். சிஸ்டர் ஆகிப் பதினான்கு வருஷம்.

மாணவி சொன்னது எங்களுக்கு சிபிஆரில் (இதயம் நின்றவருக்கு நெஞ்சை அழுத்திச் செய்யும் முதலுதவி) தெரியும். ஒரு நாள் முழுக்கப் பயிற்சி, சான்றிதழ், இரண்டு வருஷம் செல்லுபடி. நெஞ்சை 5 முதல் 6 செ.மீ. ஆழம் அழுத்த வேண்டும், நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, ஒவ்வொரு அழுத்தத்துக்கும் பிறகு நெஞ்சு முழுதாக மேலே வரவிட வேண்டும். கேட்டால் எல்லா சிஸ்டரும் சொல்வார்கள். சில மாதம் கழித்து பொம்மையின் மேல் கை வைக்கச் சொன்னால் ஆழம் போதாது, வேகம் தாறுமாறு. வாய்க்கு நினைவிருக்கிறது, கைக்கு இல்லை.

நான் முன்பு வேலை பார்த்த இடத்தில் எங்கள் இன்சார்ஜ் அம்மா ஒரு காரியம் செய்தார்கள். பொம்மையைப் பயிற்சி அறையில் பூட்டி வைக்காமல் வார்டு ஓரத்திலேயே வைத்தார்கள். ஷிப்ட் மாறும் நேரத்தில் யாராவது ஒருவர் இரண்டு நிமிடம் அழுத்த வேண்டும், மற்றொருவர் கடிகாரம் பார்த்து எண்ண வேண்டும். அவ்வளவுதான். முதலில் எல்லோருக்கும் கூச்சமாக இருந்தது. மூன்று மாதத்தில் கோடு புளூ (நோயாளிக்கு இதயம் நின்றுவிட்டது என்ற அவசர அழைப்பு) வந்தபோது யாருடைய கையும் தயங்கவில்லை. அந்த அம்மா உளவியல் படித்தவர் இல்லை. ஆனால் ஒரு பெரிய நாளைப் பல சின்ன நாட்களாக உடைக்க வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

---

மனநூல்_மாணவி – திங்கள், காலை 11.10

சிஸ்டர், உங்கள் இன்சார்ஜ் செய்ததை அறுவை மருத்துவர்களிடம் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். டொராண்டோவில் பயிற்சியில் இருந்த 38 மருத்துவர்கள், நுண்ணிய ரத்தக்குழாய்களை இணைத்துத் தைக்கும் பயிற்சி. எல்லோருக்கும் நான்கே அமர்வு. பாதிப் பேருக்கு நான்கும் ஒரே நாளில், மீதிப் பேருக்கு வாரம் ஒன்று. ஒரு மாதம் கழித்துச் சோதித்ததில் வாரம் ஒன்றாகப் பயின்றவர்களின் கையே நன்றாக இருந்தது. 2006இல் வெளியான ஆய்வு. நேரமும் பாடமும் ஒன்றேதான், இடைவெளி மட்டும் வேறு.

இன்னும் பழையது ஒன்று, எனக்கு மிகப் பிடித்தது. பிரிட்டிஷ் தபால் துறையில் அஞ்சல் குறியீட்டைத் தட்டச்சு செய்ய ஊழியர்களைப் பழக்க வேண்டியிருந்தது. பேட்லி, லாங்மன் இருவரும் 1978இல் வெளியிட்ட ஆய்வில், தினம் ஒரு மணி நேரம் மட்டும் பழகியவர்கள், தினம் இரண்டிரண்டு மணி நேரமாக இரண்டு முறை பழகியவர்களைவிடக் குறைந்த மொத்த மணி நேரத்திலேயே விசைப்பலகையைக் கற்றார்கள். அப்படி இருந்தும், தங்கள் பயிற்சியில் மிகக் குறைவாகத் திருப்தி அடைந்தவர்களும் அவர்களே. நாட்கணக்கில் பார்த்தால் மற்றவர்கள் முந்திப் போவது போல இருந்தது அல்லவா? பயிற்சி முடிவில் “எப்படி இருந்தது?” என்று படிவம் கொடுத்து, அதை வைத்துப் பயிற்சியை மதிப்பிடும் எல்லா நிறுவனங்களும் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

---

பழைய_மேஸ்திரி – திங்கள், மாலை 6.30

முப்பத்தோரு வருஷம் நூற்பாலையில் மேஸ்திரியாக இருந்தவன். இங்கே எல்லோரும் படித்தவர்கள், மரியாதையோடுதான் சொல்கிறேன்.

தம்பி லேத்துப்பட்டறை, உங்கள் பையன் தப்பான பட்டனை அழுத்தினான் என்கிறீர்கள். அவன் எத்தனை மணி நேரம் நின்றுகொண்டிருந்தான்? பன்னிரண்டு மணி நேர ஷிப்டில் பத்தாவது மணி நேரமா? நைட் முடிந்து அப்படியே பகலும் பார்க்கிறானா? தூக்கம் கெட்டவனுக்கு எந்தப் பாடமும் நிற்காது. கூலியையும் நேரத்தையும் தொடாமல், ‘மனசை’ மட்டும் சரிசெய்யலாம் என்று மேலாளர்கள் சொல்லும்போதெல்லாம் எனக்கு சந்தேகம் வருகிறது.

இன்னொன்று. ஒன்றும் தெரியாதவனை நிற்க வைத்துக் கேள்வி கேட்டால் அவனுக்கு எங்கிருந்து வரும்? எங்கள் காலத்தில் ஆறு மாதம் பக்கத்தில் நின்று பார்த்த பிறகுதான் இழையைத் தொட விடுவோம்.

---

மனநூல்_மாணவி – திங்கள், இரவு 8.05

ஐயா, இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன், அதில் நீங்கள் சொல்வது சரி. ஜான் ஸ்வெல்லர் என்ற ஆஸ்திரேலிய ஆய்வாளர் கூப்பருடன் சேர்ந்து 1985இல் இயற்கணிதத்தில் காட்டினார். புதியவர்களிடம் கணக்கைக் கொடுத்துப் ‘போடு’ என்று விடுவதைவிட, போட்டுக் காட்டிய கணக்குகளைப் படிக்க வைப்பது நல்லது. எல்லாமே புதிதாக இருக்கும்போது மனதில் ஒரே நேரத்தில் வைத்துக்கொள்ளக்கூடியது கொஞ்சம்தான். அது தேடுவதிலேயே தீர்ந்துவிட்டால் கற்பதற்கு ஒன்றும் மிஞ்சாது. நீங்கள் பக்கத்தில் நிற்க வைத்தது அதனால்தான் பலித்தது. முதலில் காட்ட வேண்டும், பிறகு கேட்க வேண்டும். காட்டிக்கொண்டே இருப்பதுதான் தவறு.

தூக்கத்தைப் பற்றி மறுக்க எதுவும் இல்லை. கற்றதை நிலைப்படுத்துவதில் தூக்கத்துக்குப் பெரிய பங்கு உண்டு. இரட்டை ஷிப்டை வைத்துக்கொண்டு அதற்கு மேல் பயிற்சி முறையை மாற்றி என்ன ஆகப் போகிறது என்ற கேள்வி நியாயமானது.

---

லேத்துப்பட்டறை – திங்கள், இரவு 9.15

ஐயா, எங்களிடம் எட்டு மணி நேரம்தான். ஆனால் ஆள் வராத அன்று இரட்டை ஷிப்ட் நடக்கிறது, மறைக்கவில்லை. தேதியைப் பார்த்தேன். கடைசி மூன்று தவறுகளில் ஒன்று அப்படிப்பட்ட நாள். மற்ற இரண்டும் சாதாரணக் காலை ஷிப்ட்.

மாணவிக்கு ஒரு கேள்வி. எங்களுக்கு வந்த பயிற்சியாளர் ஒருவர், சிலர் பார்த்துக் கற்பவர், சிலர் கேட்டுக் கற்பவர், சிலர் செய்து கற்பவர், ஆளுக்கேற்ற மாதிரி பிரித்துச் சொல்லித் தரவேண்டும் என்றார். படிவம் கூடக் கொடுத்தார். செய்யலாமா?

---

மனநூல்_மாணவி – திங்கள், இரவு 9.30

வேண்டாம் அண்ணா. பாஷ்லர் உட்பட நால்வர் 2008இல் அதற்கான சான்றுகளைத் தேடி ஆராய்ந்து, அப்படிப் பிரித்துக் கற்பிப்பதால் பயன் என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்றார்கள். மைக்ரோமீட்டரை யாரானாலும் கையில் பிடித்துத்தான் பழக வேண்டும்.

---

கவுண்டர்_மூன்று (திருச்சி) – செவ்வாய், காலை 6.20

வங்கியில் இருக்கிறேன். வங்கி ஊழியர்கள் எழுதும் ஜேஏஐஐபி தேர்வில் முதல் முறை தேறவில்லை. புத்தகம் முழுக்க மஞ்சள் கோடு. ஒவ்வொரு பக்கமும் பார்த்ததும் தெரிந்தது போலவே இருக்கும், தேர்வு அறையில் நான்கு விடையும் சரியாகத் தோன்றும். இரண்டாம் முறை கோடு போடுவதை விட்டுவிட்டேன். பகலில் படித்ததை ராத்திரி பாத்திரம் கழுவும்போது என் மகளிடம் சொல்வேன். அவளுக்குப் பதினொரு வயது. “அப்படின்னா என்னம்மா?” என்று அவள் கேட்கிற இடம்தான் எனக்குத் தெரியாத இடம். காசோலையில் ‘ஹோல்டர்’ என்பவருக்கும் ‘ஹோல்டர் இன் டியூ கோர்ஸ்’ என்பவருக்கும் என்ன வித்தியாசம் என்று அவளுக்குச் சொல்ல முடியாமல் நின்றேன். மறுநாள் அதை மட்டும் திரும்பப் படித்தேன். தேறிவிட்டேன்.

இங்கே சொல்ல வந்தது இன்னொன்று. கேஷ் கவுண்டரில் எண்ணிக்கொண்டு இருக்கும்போது யாராவது கூப்பிடுவார்கள். நிமிர்ந்து பதில் சொல்லிவிட்டுத் திரும்பினால் எங்கே விட்டோம் என்று தெரியாது. ‘இனிமேல் கவனமாக இருக்க வேண்டும்’ என்று தினம் நினைத்தும் பலன் இல்லை. பிறகு ஒரே ஒரு விதி வைத்தேன். எண்ணும்போது யாராவது கூப்பிட்டால், எண்ணியதைச் சீட்டில் எழுதிக் கட்டின் மேல் வைத்துவிட்டுத்தான் நிமிர்வேன். இப்போது யோசிக்காமலே கை அதைச் செய்கிறது. இதற்கும் ஏதாவது பெயர் இருக்கிறதா?

---

மனநூல்_மாணவி – செவ்வாய், காலை 9.00

இருக்கிறது அக்கா. பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் இதைத்தான் ‘இம்ப்ளிமென்டேஷன் இன்டென்ஷன்’ என்ற பெயரில் ஆராய்ந்தார். 1999இல் எழுதிய கட்டுரை பிரபலம். ‘கவனமாக இருப்பேன்’ என்பது வெறும் நோக்கம். ‘இது நடந்தால் இதைச் செய்வேன்’ என்று சூழலையும் செயலையும் முன்கூட்டியே முடிச்சுப் போட்டுவிட்டால், அந்தச் சூழல் வரும்போது அதுவே செயலை இழுத்துவிடுகிறது. உங்கள் சீட்டு அப்படிப்பட்ட முடிச்சு. எதிரில் ஒருவர் நிற்கும்போது மன உறுதியைத் தேடிக்கொண்டிருக்க நேரமில்லை என்பதால்தான் இது பலிக்கிறது.

---

கப்பல்_பட்டறை (சிங்கப்பூர்) – செவ்வாய், இரவு 11.45

சிவகங்கைப் பக்கம் சொந்த ஊர், இங்கே ஷிப்யார்டில் சேஃப்டி பார்க்கிறேன். தினம் காலை டூல்பாக்ஸ் மீட்டிங், அதாவது வேலை தொடங்கும் முன் நடக்கும் பாதுகாப்புக் கூட்டம். நான் படிப்பேன், “புரிஞ்சுதா?” என்பேன், நாற்பது பேரும் தலையாட்டுவார்கள். நம் ஊர்க்காரர்கள், வங்கதேசத்துக்காரர்கள், எல்லாரும் ஒரே மாதிரி தலையாட்டுவார்கள். வருஷக்கணக்கில் இப்படித்தான் நடந்தது.

போன வருஷத்திலிருந்து படிப்பதை நிறுத்திவிட்டேன். மூன்று பேரைக் கூப்பிடுவேன். “இன்னைக்கு நீங்க ஏறுற இடத்துல ஹார்னெஸ் ஹூக்கை எங்க மாட்டுவீங்க?” “நீங்க இறங்குற டேங்க்ல கேஸ் செக் யார் பண்ணாங்க, எப்ப பண்ணாங்க?” நேற்றைய கேள்வி ஒன்று, போன வாரக் கேள்வி ஒன்று எப்போதும் கலந்திருக்கும். முதல் வாரம் ஒருவர் “ஹூக்கை ரெயிலிங்ல மாட்டுவேன்” என்றார். அந்த இடத்து ரெயிலிங் அதைத் தாங்காது. ஐந்து வருஷமாகத் தலையாட்டியவர். அன்றைக்கு எனக்குக் கை நடுங்கியது. அவர் உயிரோடு இருந்தது பயிற்சியால் இல்லை, கீழே விழாததால்.

ஆனால் அவர் அந்த பதிலைச் சொன்னதும் பக்கத்தில் இருந்த சூப்பர்வைசர் கத்தினார். அடுத்த நான்கு நாள் நான் என்ன கேட்டாலும் யாரும் வாயைத் திறக்கவில்லை. கேள்வி கேட்பது பாதிதான். தப்பான பதிலுக்கு என்ன நடக்கிறது என்பது மறுபாதி.

---

இரவுப்பணி – புதன், மாலை 4.10

கப்பல் தம்பி எழுதியதை இரண்டு தடவை படித்தேன்.

எமி எட்மண்ட்சன் என்ற ஆய்வாளர் மருத்துவமனைப் பிரிவுகளில் மருந்து கொடுப்பதில் நேரும் தவறுகளை ஆராய்ந்தவர், 1996இல் வெளியிட்டார். நல்ல குழுக்களில் தவறு குறைவாக இருக்கும் என்றுதான் அவரும் எதிர்பார்த்தார். கணக்கைப் பார்த்தால் நல்ல தலைமை உள்ள பிரிவுகளில்தான் அதிகத் தவறுகள் பதிவாகியிருந்தன. அவர்கள் தவறைச் சொல்லத் துணிந்தார்கள், மற்ற இடங்களில் மறைத்தார்கள். எங்களுக்கு நடந்த ஒரு வகுப்பில் இதைச் சொன்னபோது அந்த அறையில் இருந்த அத்தனை சிஸ்டர்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

நான் ஒரு முறை பொட்டாசியம் ஆம்பூலைத் தப்பாக எடுத்துவிட்டேன். ஏற்றும் முன் லேபிளை மறுபடி பார்த்ததால் நோயாளிக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்த ஆம்பூலும் பக்கத்து ஆம்பூலும் ஒரே மாதிரி, ஒரே தட்டில் இருந்தன. அதை எழுதிக் கொடுத்தால் எல்லோரும் தப்பிப்பார்கள் என்று எழுதிக் கொடுத்தேன். வந்தது மெமோ. தட்டு அங்கேயேதான் இருந்தது. அதன் பிறகு அந்த வார்டில் யாரும் எதையும் எழுதிக் கொடுக்கவில்லை, நானும்தான். அது எனக்கு இன்றைக்கும் உறுத்துகிறது.

அண்ணா, உங்கள் பையன் “வகுப்புல புரிஞ்சுது சார்” என்று சொன்னபோது உண்மையில் என்ன சொன்னான் என்று யோசியுங்கள். புரியவில்லை என்று சொன்னால் என்ன ஆகும் என்பது அவனுக்குத் தெரியும்.

---

பழைய_மேஸ்திரி – புதன், இரவு 8.50

சிஸ்டர் அம்மா சொன்னதற்கு எதிராகச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. அவர் சொல்வதுதான் விஷயம்.

ஆனால் என் பழைய கேள்வி நிற்கிறது. தொழிலாளி நன்றாகச் செய்தால் லாபம் யாருக்கு?

---

மனநூல்_மாணவி – புதன், இரவு 10.00

ஐயா, உங்கள் கேள்விக்கு நேராக வருகிற ஓர் ஆய்வு உண்டு. லாதம், பால்ட்ஸ் இருவரும் 1975இல் வெளியிட்டது. அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் மரம் ஏற்றும் லாரிகள், சட்டம் அனுமதிக்கும் எடையில் ஏறக்குறைய 60 சதவீதமே ஏற்றி ஓடிக்கொண்டிருந்தன. ‘உங்களால் முடிந்த அளவு செய்யுங்கள்’ என்பதை விட்டு, 94 சதவீதம் என்று தெளிவான இலக்கு கொடுத்தார்கள். எட்டாவிட்டால் தண்டனை இல்லை, எட்டினால் காசும் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். முதல் மாதம் 80க்கு ஏறியது. இரண்டாம் மாதம் 70க்கு இறங்கியது. ஏன் தெரியுமா? தண்டனை இல்லை என்ற பேச்சு உண்மையா என்று ஓட்டுநர்கள் சோதித்துப் பார்த்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை என்று தெரிந்ததும் 90க்கு மேல் போய் அங்கேயே நின்றது.

நிறுவனத்துக்குப் பெரிய தொகை மிச்சம், ஓட்டுநர்களுக்குக் கூலி ஏறவில்லை. நீங்கள் கேட்பது அதுதான், அதற்கு உளவியல் பதில் சொல்லாது. அது பேரம் பேச வேண்டிய விஷயம். ஆனால் அந்த இரண்டாம் மாதத்தை நான் மறப்பதில்லை. நம்பிக்கை சொல்லி வருவதில்லை, சோதித்துப் பார்த்துத்தான் வருகிறது.

அண்ணாவுக்கு ஒரு எச்சரிக்கையும் சேர்த்துச் சொல்கிறேன். குளூகர், டெனிசி 1996இல் பின்னூட்டம் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்தார்கள். மூன்றில் ஒரு பங்குக்கும் மேல், பின்னூட்டம் கொடுத்த பிறகு வேலை மோசமாகியிருந்தது. பேச்சு வேலையை விட்டு ஆளின் மேல் திரும்பும்போது பலன் குறைகிறது. ‘இன்புட் அழுத்தியிருக்கிறாய், பழைய எண் அழிந்தது பார்’ என்பது வேலையைப் பற்றியது. ‘எத்தனை தடவை சொல்றது உனக்கு’ என்பது ஆளைப் பற்றியது.

---

லேத்துப்பட்டறை – மூன்று வாரம் கழித்து, சனி, இரவு 9.05

தாமதத்துக்கு மன்னிக்கவும். செய்து பார்த்துவிட்டு எழுதலாம் என்று இருந்தேன்.

மூன்று நாள் வகுப்பை ஒரு நாளாகக் குறைத்தோம். மீதி நேரத்தைத் தினம் ஷிப்ட் தொடங்கும் முன் பதினைந்து நிமிடமாகப் பிரித்தோம். ஓடாத பழைய மிஷின் ஒன்றின் கன்ட்ரோலர் மட்டும் வேலை செய்யும், அதன் முன்னால் நிற்போம். முதல் மூன்று நாள் செட்டர் (மிஷினை வேலைக்குத் தயார்செய்து கொடுப்பவர்) செய்து காட்டுவார், ஏன் அந்த பட்டன் என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே. நான்காம் நாளிலிருந்து பையன்கள். “விட்டம் 0.03 கூடுதல், ஆஃப்செட்டில் -0.05 இருக்கு, என்ன அடிப்பே, எதை அழுத்துவே, அழுத்தின பிறகு ஸ்கிரீன்ல என்ன எண் நிக்கணும்?” கடைசிக் கேள்விதான் முக்கியம். எண்ணை முதலில் சொல்லிவிட்டு அழுத்தினால், தப்பு அவனுக்கே தெரிகிறது. ஆஃப்செட்டுக்கு நடுவே மைக்ரோமீட்டர், டிராயிங் கேள்விகளும் கலந்து வரும்.

முதல் வாரம் மிக மோசம். பழைய பேட்சை விட மந்தமான பேட்ச் என்று செட்டரே சொன்னார். தபால்காரர்கள் கதையை அவருக்குச் சொன்னேன். பொறுத்துக்கொண்டார்.

எண்ணிக்கையாகச் சொல்ல மூன்று வாரம் போதாது. நடந்த ஒன்றை மட்டும் சொல்கிறேன். போன புதன்கிழமை ஒரு பையன் ஓடிக்கொண்டிருந்த மிஷினை நிறுத்திவிட்டு என்னிடம் வந்து, “சார், பிளஸ் இன்புட்டுக்குப் பதிலா இன்புட் அழுத்திட்டேன்னு நினைக்கிறேன், வந்து பாருங்க” என்றான். மூன்று பீஸ் போயிருந்தது. பழைய பழக்கத்தில் என் வாயில் ஒரு வார்த்தை வந்தது, சிஸ்டரின் மெமோ நினைவுக்கு வந்தது, விழுங்கிவிட்டேன். இருவரும் ஸ்கிரீனைப் பார்த்தோம். சரிசெய்து ஓட்டினான். சாயங்காலம் இன்னொரு பையன் வந்து தன் மைக்ரோமீட்டரில் ஸீரோ நகர்ந்திருக்கிறது, இரண்டு நாளாகச் சொல்லத் தயங்கினேன் என்றான்.

இரட்டை ஷிப்டைப் பற்றி முதலாளியிடம் பேசினேன், மேஸ்திரி ஐயா. அடுத்த நாள் மட்டும் விடுமுறை தரலாம் என்றிருக்கிறார், எழுத்தில் இன்னும் வரவில்லை.

---

பழைய_மேஸ்திரி – சனி, இரவு 9.40

எழுத்தில் வாங்கிவிடுங்கள் தம்பி. திங்கட்கிழமையே கேளுங்கள். அந்த மைக்ரோமீட்டரால் இரண்டு நாளில் எத்தனை பீஸ் போனது, அதைத் திரும்ப அளந்தீர்களா?

---

லேத்துப்பட்டறை – சனி, இரவு 9.52

நாளைக் காலை அந்தப் பையனும் நானும் உட்கார்ந்து அளக்கிறோம் ஐயா. பெட்டி தனியாக எடுத்து வைத்தாயிற்று.